ஏமன் பச்சோந்தி ஏன் இப்படிச் செய்கிறது? நடத்தையைப் படித்துப் பராமரிப்பைத் திருத்தும் முழுமையான வழிகாட்டி

"பச்சோந்தி கறுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது, என்ன கோளாறு?" மணி என்ன என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. காலையில் விளக்கு எரிந்த பத்தாவது நிமிடம் என்றால் ஒரு கோளாறும் இல்லை. சூட்டைச் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளத்தான் கறுத்திருக்கிறது. அதே கறுப்பு மதியம் இரண்டு மணிக்கும் போகவில்லை என்றால் குளிர், பயம், நோய் மூன்றில் ஒன்று. வாயைத் திறந்து வைத்திருப்பதும் அப்படித்தான், கூண்டின் தரைக்கு இறங்குவதும் அப்படித்தான். செய்கை ஒன்றே, இடமும் நேரமும் மாறினால் அதன் பொருள் மாறிவிடும்.

ஆகவே எதையும் விநோதம் என்று முடிவு கட்டும் முன் மூன்றைப் பாருங்கள். மணி என்ன? கூண்டில் எந்த உயரத்தில் இருக்கிறது? கண் எப்படி இருக்கிறது? நிறத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

எந்தப் பச்சோந்தி, யார் வளர்க்கலாம்

வீடுகளில் அதிகம் வளர்க்கப்படுவது ஏமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைப்பகுதியிலும் இயற்கையாக வாழும் ஏமன் பச்சோந்தி. கடைகளில் இதை வெயில்டு கமீலியன் என்பார்கள். தலைமேல் கோபுரம் போல உயர்ந்த கொண்டை இதன் அடையாளம். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஆண் 45 முதல் 60 செ.மீ., பெண் 25 முதல் 35 செ.மீ. வளரும். கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த இனத்துக்கானவை. மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்திக்கும் பெரும்பாலும் ஒத்துவரும். மலைக்காட்டுக் குளிரில் வாழும் ஜாக்சன் பச்சோந்திக்கு இந்தச் சூடு தாங்காது.

வாங்கும்போதே ஆணா பெண்ணா என்று பாருங்கள். பின்னங்காலின் குதிப்பகுதியில் சிறு முள் போல ஒரு துருத்தல் இருந்தால் ஆண். முட்டையிலிருந்து வெளிவரும்போதே அது இருக்கும். பெண்ணுக்கு இருக்காது. இது வெறும் தகவல் இல்லை: ஏமன் பெண் ஆண் துணையே இல்லாமல் முட்டையிடும். அதற்கு இடம் கிடைக்காவிட்டால் உயிரே போகலாம். அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளில் காணும் இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது. அதைப் பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். (வேலியில் தலையாட்டும் ஓணானையும் சிலர் பச்சோந்தி என்பார்கள். அது வேறு பிராணி.) ஏமன் பச்சோந்தி, வன உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவில் இத்தகைய வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போர் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் உள்ளூர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு, கூண்டில் பிறந்த குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். வளர்க்க முடியவில்லை என்று வெளியே விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அப்படித் தப்பியதும் விடப்பட்டதுமான ஏமன் பச்சோந்திகள் இன்று காட்டில் பெருகிக் கிடக்கின்றன.

முதலில் ஒரு நல்ல நாள் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தூங்கும் பச்சோந்தி வெளிறிய இளம்பச்சையாக, வால் சுருண்டு, கண் மூடி இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் செத்துவிட்டதோ என்று பயப்படுபவர்கள் உண்டு. அது ஆழ்ந்த உறக்கத்தின் நிறம். விளக்கு எரிந்து அரை மணிக்குள் கண் திறக்கும். இலையில் நிற்கும் துளிகளை நக்கும். பிறகு சூட்டு விளக்குக்குக் கீழே ஏறி, உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, விளக்கைப் பார்க்கும் பக்கத்தை மட்டும் கறுக்க வைத்துக் காயும். ஒரு மணி நேரத்தில் பச்சை திரும்பும். இரை தேடும், எச்சமிடும். மதியம் இலைக்குள் போய்விடும். மாலையில் இன்னொரு முறை காயலாம். விளக்கு அணைய அரை மணி இருக்கும்போதே வழக்கமான படுக்கைக் கிளைக்குப் போய் வெளிறத் தொடங்கும்.

இந்த ஒழுங்கை ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள். உங்கள் பிராணி எத்தனை மணிக்கு எந்தக் கிளையில் இருக்கிறது என்பதுதான் பிறகு வரும் எல்லாவற்றுக்கும் அளவுகோல்.

நிறம் எப்படி மாறுகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லலாம். 2015இல் ஜெனிவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேந்தர் பச்சோந்தியில் காட்டியது இது: தோலுக்குள் குவானின் நுண்படிகங்கள் அடுக்கிய செல்கள் இருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். மேலே உள்ள மஞ்சள் நிறமியோடு சேர்ந்து நமக்குப் பச்சை தெரியும். கிளர்ச்சி வந்தால் படிகங்கள் விலகி, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மாறும். கறுப்பு வேறு, அது மெலனின் என்ற கருநிறமி பரவுவதால் வருவது. பின்னணிக்கு ஏற்ப நிறத்தைப் பொருத்திக்கொள்ளும் வேலை இதில் கிட்டத்தட்ட இல்லை. கட்சி மாறுபவரைப் பச்சோந்தி என்று திட்டுவது பிராணிக்கு இழைக்கும் அநியாயம். இது தன் மனநிலையை ஒளிக்கத் தெரியாத ஜீவன்.

படி 1: கூண்டு

வளர்ந்த பச்சோந்திக்குக் குறைந்தது 60 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 120 செ.மீ. உயரம். உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. வலைக்கூண்டு காற்றோட்டத்துக்கு நல்லது. ஆனால் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் முழு வலை ஒரு மணி நேரத்தில் வறண்டுவிடும். அங்கே பின்பக்கத்தையும் இரு பக்கங்களையும் பிளாஸ்டிக் தகட்டால் மூடி, முன்பக்கத்தையும் மேற்புறத்தையும் வலையாக விடுங்கள். முழுக் கண்ணாடித் தொட்டி வேண்டாம். காற்று தேங்கும், தன் பிம்பத்தையே எதிரியாகப் பார்த்து நாள் முழுக்கச் சண்டைக்கு நிற்கும்.

கூண்டை மேசை அல்லது ஸ்டாண்டு மீது வைத்து, அது வழக்கமாக உட்காரும் கிளை உங்கள் கண் மட்டத்துக்கு மேல் வரும்படி செய்யுங்கள். மேலிருந்து வருவது எல்லாம் இதற்குப் பருந்துதான். தரையில் வைத்த கூண்டுக்கு மேல் ஒருவர் குனிந்து பார்த்தாலே கறுத்து உப்பிவிடும். ஏசிக் காற்று, சமையலறைப் புகை, ஆள் நடமாட்டம் அதிகமுள்ள வாசல் பக்கம் வேண்டாம்.

உள்ளே விரல் பருமன் கிளைகள் குறுக்கும் நெடுக்குமாக. பிடிக்கும் பாதம் முழுதாகச் சுற்றிக்கொள்ளும் பருமன்தான் சரி. ஒரே பருமனாக இல்லாமல் கலந்து வையுங்கள். ஷெஃப்லெரா, ஃபைகஸ், செம்பருத்தி நல்ல செடிகள். ஏமன் பச்சோந்தி இலையையும் மெல்லும் என்பதால் நச்சுச் செடி எதுவும் கூண்டுக்குள் வரக்கூடாது. இந்த வகையில் செம்பருத்தி மிகவும் பாதுகாப்பானது. நர்சரியிலிருந்து வந்த செடியின் இலைகளைக் கழுவி, மண்ணை மாற்றி, சில வாரம் வெளியே வைத்த பிறகே உள்ளே விடுங்கள். பூச்சிமருந்து இலையில் தங்கியிருக்கும். தரையை வெறுமையாக விட்டு, வடிகால் தட்டு வையுங்கள்.

ஒரு கூண்டில் ஒரே ஒரு பச்சோந்தி. ஜோடியாக வைத்தால் துணையாக இருக்கும் என்பது நம் ஆசை மட்டுமே. அறையில் இரண்டு கூண்டுகள் இருந்தால் ஒன்றுக்கு ஒன்று தெரியாதபடி நடுவில் மறைப்பு வையுங்கள்.

படி 2: வெளிச்சமும் சூடும்

இரண்டு தனித்தனி விளக்குகள் வேண்டும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. முதலாவது, புற ஊதாக் கதிர் தரும் யூவி-பி விளக்கு: டி5 ஹெச்ஓ குழல் வகை, 5.0 அல்லது 6 சதவீதம் என்று குறித்தது. மேல்வலையின் மீது வைத்து, காயும் கிளையில் உட்காரும் பச்சோந்தியின் முதுகு விளக்கிலிருந்து 20 முதல் 25 செ.மீ. தள்ளி இருக்கும்படி கிளையைக் கட்டுங்கள். அளவுமானி இருந்தால் முதுகு வரும் இடத்தில் யூவி இன்டெக்ஸ் 3 காட்ட வேண்டும். சுருள் பல்புகள் ஒரு சிறு வட்டத்துக்கு மேல் ஒளி தராததால் போதாது. ஜன்னல் கண்ணாடி வழி வரும் வெயிலும் உதவாது. கண்ணாடி யூவி-பியைத் தடுத்துவிடும், சூடு மட்டும் உள்ளே வரும். குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் யூவி குறைந்துகொண்டே போகும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி, மாற்றிய தேதியை அதன் மீதே எழுதி ஒட்டுங்கள்.

இரண்டாவது சாதாரண வெள்ளைச் சூட்டு பல்பு. கிளையில் ஆணுக்கு 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், பெண்ணுக்கு 26 முதல் 28. கூண்டின் மற்றப் பகுதி 22 முதல் 25. வாட் கணக்கை நம்பாமல், முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் கிளையில் கட்டிப் பாருங்கள். 40 வாட் போதுமான வீடும் உண்டு, 75 தேவைப்படும் வீடும் உண்டு. பல்பு கூண்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். குஞ்சாக இருந்தபோது சரியாக இருந்த தூரம், கொண்டை வளர்ந்த பிறகு சரியாக இருக்காது. கொண்டை நுனி சுட்டுப்போவது ஏமன் ஆண்களில் அடிக்கடி நடக்கிறது. மாதம் ஒருமுறை கொண்டை நுனிக்கும் பல்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள்.

டைமர் போட்டு 12 மணி நேரம் எரிந்து 12 மணி நேரம் முழு இருட்டு. சிவப்பு, நீல 'இரவு விளக்கு' எதுவும் வேண்டாம். தூக்கம் கெடும். இரவில் 16 முதல் 20 டிகிரி வரை இறங்குவது இதற்கு நல்லது, மலைப் பிராணி.

படி 3: தண்ணீர்

கிண்ணத்தில் நிற்கும் தண்ணீரை இது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் மின்னும் துளியைத்தான் நக்கும். விளக்கு எரியும் முன் இரண்டு நிமிடம், விளக்கு அணைந்ததும் இரண்டு நிமிடம் நுண்துளியாகத் தெளியுங்கள். மதியம் ஒரு சொட்டுக் கோப்பை: பிளாஸ்டிக் கோப்பையின் அடியில் ஊசித்துளை போட்டுக் கூண்டின் மேல் வைத்தால் இரண்டு விநாடிக்கு ஒரு சொட்டு இலையில் விழும். இருபது நிமிடம் போதும்.

பகலில் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் வரை இறங்கிக் காய வேண்டும், இரவில் 80க்கு மேல் ஏற வேண்டும். இயற்கையில் இரவுப் பனிமூட்டத்தைச் சுவாசித்து இவை ஈரத்தைக் காத்துக்கொள்கின்றன என்று வளர்ப்பவர்கள் பலர் கருதுகிறார்கள். அதனால் ஃபாகர் என்னும் பனிமூட்டக் கருவியைப் பயன்படுத்துபவர்கள் நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் ஓட விடுவார்கள். ஆனால் இரவு வெப்பம் 20க்குக் கீழே இறங்கும் அறைக்கு மட்டுமே இது பொருந்தும். சூடான, ஈரமான, அசையாத காற்று நேராக நுரையீரல் தொற்றில் கொண்டுபோய் விடும். ஃபாகரையும் தெளிப்பானையும் வாரம் ஒருமுறை கழுவிக் காய வையுங்கள்.

போதுமான தண்ணீர் குடிக்கிறதா என்று எச்சம் சொல்லும். பழுப்புப் பகுதியோடு வரும் யூரேட் (கெட்டியான சிறுநீர்க் கழிவு) வெள்ளையாக இருந்தால் நலம். முனையில் லேசான மஞ்சள் இருந்தால் பரவாயில்லை. முழுக்க ஆரஞ்சு என்றால் தண்ணீர் பற்றவில்லை.

படி 4: இரை

பூச்சியின் அகலம் பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடையேயுள்ள தூரத்தைத் தாண்டக்கூடாது. மூன்று மாதக் குஞ்சுக்குத் தினமும் 10 முதல் 15 சிறு கிரிக்கெட் பூச்சிகள். ஆறு மாதத்துக்குப் பின் படிப்படியாகக் குறையுங்கள். ஒரு வயதுக்கு மேல் ஆணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 3 முதல் 5, பெண்ணுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள், நாளுக்கு 3 அல்லது 4. கெஞ்சுவது போல வலையருகே வந்து நிற்கும். மனம் இளகிக் கூடுதலாகப் போடுவதுதான் பெண் பச்சோந்திகளின் ஆயுளைக் குறைக்கிறது.

கிரிக்கெட், டூபியா கரப்பான், பட்டுப்புழு, பிளாக் சோல்ஜர் ஈயின் புழு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். கொழுப்பு மிகுந்த சூப்பர்வோர்ம், வேக்ஸ்வோர்ம் எப்போதாவது ஒன்று. தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம். மின்மினி ஒருபோதும் வேண்டாம்: ஒன்றே ஒன்று பச்சோந்தியைக் கொல்லப் போதும்.

இரைக்கும் இரை போட வேண்டும். கொடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரம் பூச்சிகளுக்குக் கடுகுக்கீரை, கேரட், பூசணி, சர்க்கரைவள்ளி, ஆரஞ்சு கொடுங்கள். பிறகு பூச்சிகளைப் பையிலிட்டு, டி3 வைட்டமின் இல்லாத சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) பொடி ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்குங்கள். திருநீறு பூசியது போல லேசாக இருக்க வேண்டும், மாவில் புரட்டிய பஜ்ஜி மாதிரி அல்ல. இது ஒவ்வொரு வேளையும். டி3யும் ஏ வைட்டமினும் உள்ள பொடி மாதம் இரண்டு முறை மட்டும். பெரும்பாலான பூச்சிகளில் சுண்ணாம்புச்சத்தைவிடப் பாஸ்பரஸ் அதிகம். பொடி இல்லாவிட்டால் பச்சோந்தி தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்புச்சத்தை எடுக்கத் தொடங்கும்.

விளிம்பு வழுக்கும் கோப்பையில் இரையை வைத்துக் கொடுப்பது நல்லது. கூண்டுக்குள் ஓடவிட்ட கிரிக்கெட்டுகள் இரவில் தூங்கும் பச்சோந்தியைக் கடித்துவிடும்.

இனி, விநோதங்கள்

வாய் திறந்திருப்பது. இதற்கு மூன்று பொருள். நீங்கள் கையை நீட்டும்போது வாயைப் பிளந்து, சீறி, உப்பினால் பயம். கையை எடுத்தால் அடங்கும். விளக்கடியில் வெளிறிய நிறத்தோடு வாயைத் திறந்தால் சூடு அதிகம். தெர்மாமீட்டரைப் பாருங்கள், நிழலுக்கு இறங்கியதும் மூடிவிடும். விளக்கிலிருந்து விலகி, மூக்கை மேலே நிமிர்த்தி, வாயோரம் சளி, மூச்சோடு சொடுக்குச் சத்தம் என்றால் சுவாசத் தொற்று. கடைசியது மருத்துவர் வேலை. சூட்டைக் கூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆடி ஆடி நடப்பது. ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே என்று குடிகாரன் போல நடக்கும். காற்றில் ஆடும் இலையாகத் தன்னைக் காட்டிக்கொள்வது அது. ஒன்றும் செய்ய வேண்டாம். நீங்கள் நகர நகரக் கிளையின் மறுபக்கத்துக்குச் சுற்றிப்போவதும் இதே வகை. ஆனால் கால்கள் நடுங்கி, பிடி நழுவி, தன் காலையே கிளை என்று பற்றிக்கொண்டால் அது எலும்பு மெலிவு நோய். முன்னங்கால் வில்லாக வளைவது, தாடை ரப்பர் போல நெகிழ்வது அடுத்த கட்டங்கள். வளைந்த எலும்பு நிமிராது. யூவி குழலையும் பொடியையும் அன்றே சரிசெய்து மருத்துவரிடம் போனால் நோயை அங்கேயே நிறுத்தலாம்.

கண். பகலில் கண் மூடியிருப்பதை மட்டும் எந்த நேரத்திலும் இயல்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மற்றவற்றுக்குப் பொறுத்துப் பார்க்கலாம், இதற்குப் பொறுக்கக்கூடாது. பகலில் தூங்கும் பச்சோந்தி, நோயை மறைக்கும் தெம்பை இழந்துவிட்ட பச்சோந்தி. கண்கோபுரம் உள்ளே குழிந்திருந்தால் நீர்ச்சத்துக் குறைவு அல்லது நீண்டநாள் நோய். இதற்கு நேரெதிராக, மாலையில் ஒரு கண் திடீரென்று பலூன் போல வீங்கி, உருண்டு, கிளையில் தேய்ப்பதைப் பார்த்துப் பதறுவார்கள். அது கண்ணைக் கழுவிக்கொள்ளும் முறை. சில நிமிடங்களில் அடங்கும். காலையிலும் வீக்கம் இருந்தால் தூசோ தொற்றோ இருக்கிறது.

இரையைத் தவறவிடுவது. நாக்கை உடலைவிட நீளமாக எறியும் பிராணி, அடுத்தடுத்துக் குறி தவறினாலோ, நாக்கைப் பாதி நீட்டி இழுத்துக்கொண்டாலோ, அருகே போய்த் தாடையால் கவ்வினாலோ நான்கைச் சந்தேகியுங்கள்: நீர்க்குறைவு, சுண்ணாம்புக் குறைவு, ஏ வைட்டமின் குறைவு, வாய்ப்புண். முதல் மூன்றும் மேலே சொன்ன படிகளில் ஏதோ தவறியதன் பலன்.

சாப்பிட மறுப்பது. முதலில் எடை போடுங்கள். எடை நிலையாக இருந்தால் ஒரு வாரம் பட்டினி வளர்ந்த ஆணுக்குப் பெரிய விஷயமில்லை. புதிதாக வந்த முதல் இரண்டு வாரம், தோல் உரிக்கும் நாட்கள், இணைசேரும் பருவம், மாதக்கணக்கில் ஒரே பூச்சி ஆகியவை பொதுவான காரணங்கள். பூச்சியை மாற்றிப் பாருங்கள். பறக்கும் ஈயைக் கண்டால் பெரும்பாலான ஆண்கள் கொள்கையை மறந்துவிடும். குஞ்சு இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் அது அவசரம்.

வலையைப் பிறாண்டுவது. நாள் முழுக்க வலையில் ஏறி இறங்கி நகம் உடைத்துக்கொண்டால் கூண்டில் ஏதோ அதற்கு ஒவ்வவில்லை. ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்: இன்னொரு பச்சோந்தியோ கண்ணாடியோ கண்ணில் படுகிறதா, மறைந்துகொள்ள இலை போதுமா, சூட்டிலிருந்து விலக இடமுண்டா, கூண்டு சிறிதா. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

உறுப்பு வெளியே தெரிவது. எச்சமிடும்போது ஆணின் இனப்பெருக்க உறுப்பு ஒரு கணம் வெளிவந்து உள்ளே போவது இயல்பு. அரை மணி நேரமாகியும் சிவந்த சதை வெளியே தொங்கினால் சுத்தமான உப்புநீரில் நனைத்த துணியால் ஈரமாக வைத்தபடி உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். காய்ந்தால் அந்தத் திசு செத்துவிடும். உள்ளே தள்ள முயல வேண்டாம்.

கழுத்து வீக்கம். கழுத்தைச் சுற்றிப் பனிக்குல்லாயின் கழுத்துப் பட்டை போல மெத்தென்று உப்பியிருந்தால் பெரும்பாலும் டி3 அல்லது ஏ வைட்டமினை அள்ளிப் போட்டதன் விளைவு. பொடியை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள். சிறுநீரகக் கோளாறும் இப்படிக் காட்டும். மூக்கோரம் வெள்ளை உப்பு படிவது மட்டும் என்றால் துடைத்துவிட்டு நீரை அதிகப்படுத்தினால் போதும்.

தோல் உரிப்பது. பாம்பு போல ஒரே சட்டையாக அல்ல, திட்டுத் திட்டாகக் காகிதம் போல உதிரும். நிறம் மங்கும், எரிச்சலோடு இருக்கும், கிளையில் உரசும். ஓரிரு நாளில் முடியும். பிய்க்காதீர்கள். கால்விரலிலோ வால் நுனியிலோ வளையமாக ஒட்டிக்கொண்டால் கூடுதலாக ஈரம் தெளியுங்கள். அது இறுகினால் ரத்தவோட்டம் நின்றுபோகும்.

தரையில் பெண்

ஆண் தரைக்கு இறங்கினால் மேலே சூடு தாங்கவில்லையா, உடம்பில் தெம்பில்லையா என்று பாருங்கள். பெண் இறங்கினால் முதல் சந்தேகம் முட்டை.

ஐந்து, ஆறு மாதத்திலேயே பருவமடையும். அன்றிலிருந்து முட்டைத் தொட்டி நிரந்தரமாகக் கூண்டில் இருக்க வேண்டும். 30 செ.மீ. நீள அகல உயரமுள்ள பெட்டியில் கழுவிய மணலும் உரமிடாத மண்ணும் சம பங்காகக் கலந்து 25 செ.மீ. ஆழத்துக்கு நிரப்புங்கள். ஈரம் சரியா என்று தெரிய ஒரு பிடி எடுத்துப் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. விரலால் குகை போட்டால் இடியக்கூடாது. வறண்ட மணலில் அவள் தோண்டத் தோண்டச் சரியும், களைத்து விட்டுவிடுவாள்.

வயிறு மேடு பள்ளமாகத் தெரியும். பச்சை அடர்ந்து அதன் மேல் மஞ்சளும் நீலமும் புள்ளியிடும். சாப்பாடு குறையும், ஓரிடத்தில் நிற்காமல் அலைவாள். பிறகு தோண்டுவாள். தோண்டுவதை அவள் கவனிக்கும்படி நீங்கள் பார்த்தால் குழியைக் கைவிட்டுவிடுவாள். முட்டை உள்ளேயே தங்கிவிடும். கூண்டின் கீழ்ப்பாதியைத் துணியால் மூடி, ஓரத்தில் ஒரு சிறு துளை வழியாக மட்டும் பாருங்கள். இரவு குழிக்குள்ளேயே தூங்கினாலும் விடுங்கள். ஒன்று இரண்டு நாளில் இட்டு முடித்து, தானே மண்ணை மூடி, சேறு பூசிய மெலிந்த உடம்போடு மேலே ஏறுவாள். அப்போது நீண்ட நேரம் தெளித்துக் குடிக்க வைத்து, ஒரு வாரம் தினமும் சுண்ணாம்புச்சத்துப் பொடி தூவிய இரை கொடுங்கள்.

இரண்டு நாளுக்கு மேல் தோண்டிக்கொண்டே இருக்கிறாள், முட்டை இல்லை. அல்லது தரையில் கண்ணை மூடிக் கிடக்கிறாள்: இது முட்டை சிக்கிய நிலை. எக்ஸ்ரே, ஊசி, தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சை. மணிக்கணக்கு முக்கியம்.

முட்டையின் எண்ணிக்கையை நாம் ஓரளவு கட்டுப்படுத்தலாம். சூடான கூண்டில் அளவில்லாமல் தின்னும் பெண் ஒரே ஈட்டில் 60, 70 முட்டை வரை இட்டு ஓய்ந்துபோவாள். 27 டிகிரிக் கிளையும் மேலே சொன்ன அளவான இரையும் இருந்தால் எண்ணிக்கை 20, 30க்குள் நிற்கும். சில பெண்கள் இடாமலே இருப்பதும் உண்டு.

தொடலாமா

தேவைப்பட்டால் மட்டும். முதல் இரண்டு வாரம் கையே வைக்காதீர்கள். பிறகு, திறந்த கதவில் கையை அசையாமல் வைத்து விரலில் ஒரு பட்டுப்புழுவைக் கொடுத்துப் பழக்குங்கள். எடுக்க வேண்டுமென்றால் மேலிருந்து பிடிக்காமல், கீழிருந்து கையைக் கிளைபோல நீட்டி, அதுவாக ஏற விடுங்கள். கையில் அமைதியாக இருக்கிறது, ஆனால் நிறம் கறுக்கிறது என்றால் அமைதியாக இல்லை.

வாரக் கணக்கும் மருத்துவரும்

வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில், இரை கொடுக்கும் முன், சமையலறைத் தராசில் எடை போடுங்கள். தராசில் ஒரு குறுங்கிளையை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, அதில் ஏறச் செய்தால் போராட்டம் இருக்காது. வளர்ந்த பிராணி எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், முட்டையிட்ட பெண் தவிர, காரணம் தெரியாமல் விடக்கூடாது.

நாய் பூனை பார்ப்பவர் எல்லாரும் ஊர்வன பார்ப்பதில்லை. பிராணியை வாங்கும் முன்பே உங்கள் ஊரில் ஊர்வன மருத்துவர் யார் என்று விசாரித்து வையுங்கள். மனிதருக்கான ஆன்டிபயாடிக்கை அளவு குறைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். கொண்டுபோகும்போது கிளை பொருத்திய சிறு பெட்டியில், இருட்டாக, 22 முதல் 25 டிகிரியில் வையுங்கள். கூண்டின் முழுப் படம், விளக்குகளின் பெயரும் மாற்றிய தேதியும், பொடி டப்பாக்கள், எடை நோட்டு ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். புழுச் சோதனைக்கு அன்றைய எச்சம் வேண்டும். ஈரமான டிஷ்யூவில் பொதிந்து மூடிய டப்பாவில் போட்டு, போகும்வரை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃபிரீசரில் வைத்தால் சோதனைக்கு உதவாது.